ஐந்து பேருக்கு ஐந்து வழிகாட்டிகள்

தேக்கடி ஏரியில் ஒரே காலைப் பொழுதில் இரண்டு வகைப் பயணங்கள் நடக்கின்றன. ஒன்று படகுச் சவாரி. படகுத்துறையில் வரிசை நீண்டு நிற்கும். மாடி வைத்த படகுகள் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு புறப்படும். கரையில் ஒரு காட்டுமாடு தலைகாட்டினால் எல்லோரும் கைபேசியோடு அந்தப் பக்கம் திரும்புவார்கள். மற்றொன்று மூங்கில் தெப்பம். அதில் ஒரு பத்துப் பேர் போகலாம். கொஞ்ச தூரம் நடை, கொஞ்ச தூரம் நீர். துடுப்புப் போடுகிறவர்கள் அந்தக் காட்டோரத்துக் குடிகளில் பிறந்தவர்கள். இரண்டுக்கும் வாயில் ஒன்றுதான், ஏரியும் ஒன்றுதான். வெளியூர்க்காரர் இரண்டையும் ‘சூழல் சுற்றுலா’ என்ற ஒரே பெயரில்தான் அறிகிறார். இந்தச் சொல்லை எடைபோட வருகிறவருக்கு முதல் இடர் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சுற்றுலா காட்டுக்கு நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டால், கேட்டவர் விரும்பிய விடையே கிடைக்கும். வருமானத்தைக் காட்டி நல்லது என்று சொல்லலாம். குப்பையைக் காட்டிக் கெட்டது என்றும் சொல்லலாம். அதனால் கேள்வியைக் கொஞ்சம் குறுக்கிக்கொள்கிறேன். பயணி கொடுக்கும் காசினால் காட்டுக்குள் நடப்பவர் யார்? அவர் நடப்பதால் காட்டுக்கு என்ன ஆகிறது?

தேக்கடி இருக்கும் பெரியாற்றுக் காட்டில் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை உண்டு. முல்லைப் பெரியாறு அணை 1895இல் எழுந்தபோது தேங்கிய நீர்தான் இன்று நாம் பார்க்கும் ஏரி. அதைச் சுற்றிய காடு 1978இல் புலிகள் காப்பகமானது. இன்று அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். தொண்ணூறுகளின் நடுவில் உலக வங்கித் துணையோடு நாட்டின் ஏழு காப்பகங்களில் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் பெரியாறும் ஒன்று. அந்தக் காலத்தில் வனத்துறைக்குப் பெரும் தலைவலியாக இருந்தவர்கள் வயனா மரத்தின் பட்டையை உரித்து விற்றவர்கள். வயனா என்று மலையாளத்தில் சொல்லப்படுவது காட்டில் விளையும் ஒருவகை இலவங்கப்பட்டை மரம். பட்டையைச் சுற்றி உரித்துவிட்டால் மரம் நின்றபடியே சாகும். இவர்கள் நாட்கணக்கில் காட்டுக்குள் தங்குவார்கள்; வேட்டையும் நடக்கும்; எந்த ஓடை எந்த மாதம் வற்றும் என்பது ஏட்டில் படித்த அதிகாரியைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பலர் மீது வழக்குகள் இருந்தன. அந்த வழக்குகளை விலக்கிக்கொள்வது, பதிலுக்கு அவர்கள் தொழிலைக் கைவிட்டு வழிகாட்டிகளாவது என்று பேச்சு முடிந்தது. 23 பேர் கொண்ட குழு அப்படித்தான் பிறந்தது.

‘பெரியாறு டைகர் டிரெயில்’ என்று அவர்கள் நடத்தும் காட்டுநடையின் அமைப்பை உற்றுப் பார்க்க வேண்டும். பயணிகள் ஐந்து பேர். அவர்களுடன் ஐந்து வழிகாட்டிகளும் துப்பாக்கி ஏந்திய ஒரு வனக்காவலரும் போகிறார்கள். காட்டுக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். வணிகக் கண்ணோடு பார்த்தால் இது வீண்செலவு. ஒரு வழிகாட்டியை வைத்தே பத்துப் பேரை அழைத்துப் போய்விடலாமே என்று தோன்றும். ஆனால் அங்கே பயணி ஒரு சாக்குத்தான் என்பதை அந்த எண்ணிக்கையே சொல்கிறது. ஐந்து பேர் கொடுக்கும் கட்டணத்தில், காட்டை நன்கறிந்த ஆறு பேர் அன்றைக்குக் காட்டின் உட்பகுதியில் நடந்தாகிவிடுகிறது. அது சுற்றுலா உடை போட்ட ரோந்து. முன்பு பட்டைத் திருடர் ஒளிந்த தடங்களில் அந்தத் தடங்களை உண்டாக்கியவர்களே இப்போது காலைதோறும் போகிறார்கள். புதிதாய்க் கண்ணி வைக்க வருகிறவனுக்கு இதைவிடப் பெரிய இடையூறு வேண்டியதில்லை. சூழல் சுற்றுலாவுக்காகச் சொல்லப்படும் வாதங்களில் என்னை முழுதாக ஏற்கவைப்பது இந்த ஒன்றுதான்.

இதே பெரியாற்றைச் சுற்றுலாவின் வெற்றிக் கதையாக மட்டும் சொல்வதோடு எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே ‘வசந்த சேனை’ என்ற பெண்கள் குழு இருக்கிறது. காட்டோரக் குடும்பங்களைச் சேர்ந்த இந்தப் பெண்கள் 2002 முதல் முறைவைத்துக் காட்டுக்குள் ரோந்து போகிறார்கள். கூலி வாங்குவதில்லை. பயணிகளின் காசு அவர்கள் கைக்கு வராமலே அந்தக் காவல் நடக்கிறது. ஆக, காடு பிழைத்ததற்கு முழுக்காரணம் சுற்றுலா என்று எழுதினால் அந்தப் பெண்களின் உழைப்பைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டதாகிவிடும். ஊர் மக்களுக்கும் வனத்துறைக்கும் இடையே ஏற்பட்ட நம்பிக்கைதான் வேர். காட்டுநடை அந்த வேரிலிருந்து வந்த ஒரு கிளை. மற்ற இடங்களில் கிளையை மட்டும் ஒடித்துக்கொண்டு போய் நட்டுப் பார்க்கிறார்கள்.

இன்னொரு குறை அளவில் இருக்கிறது. ஐவர் போகும் நடையால் ஒரு நகரம் வாழாது. தேக்கடியை ஒட்டிய குமுளியின் விடுதிகளும் மசாலாக் கடைகளும் படகுக் கூட்டத்தை நம்பித்தான் நிற்கின்றன. நடையின் புகழ் பரவப் பரவப் படகுத்துறையில் வரிசை நீள்கிறது. கூட்டத்தை ஏற்றுவதே தொழில் ஆகும்போது என்ன நடக்கும் என்பதை 2009 செப்டம்பர் 30 காட்டியது. அன்று மாலை ‘ஜலகன்யகா’ என்ற படகு அந்த ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் பலர். பத்துப் பேர் தெப்பத்தையும் அந்தப் படகையும் ஒரே சொல்லால் அழைப்பதை அதன்பிறகாவது நிறுத்தியிருக்க வேண்டும்.

சுற்றுலாவை ஆதரிப்பவர்கள் சொல்லும் அடுத்த வாதம் கண்களைப் பற்றியது. 2012 ஜூலையில் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவை உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்தியபோது இந்த வாதம் பலமாக எழுந்தது: பயணிகளின் கண்கள் விலகினால் வேட்டைக்காரர் புகுந்துவிடுவார்கள் என்றார்கள். அக்டோபரில் தடை விலகியது. மையப் பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக்கூடாது என்ற நெறிமுறையும் வந்தது. கண்கள் பற்றிய அந்த வாதத்தை ராஜஸ்தானின் சரிஸ்கா ஏற்கெனவே உடைத்திருந்தது. பயணிகள் ஜீப்பில் வந்துபோய்க்கொண்டிருந்த அந்தக் காப்பகத்தில் 2005 வாக்கில் புலி ஒன்றுகூட மிஞ்சவில்லை. சில ஆண்டுகளில் மத்தியப் பிரதேசத்தின் பன்னா காப்பகத்துக்கும் அதே கதி நேர்ந்தது. ஜீப் போகும் சாலையில் கண்ணி வைக்க எவனும் வரமாட்டான். ஜீப்பில் உட்கார்ந்திருக்கும் ஆயிரம் கண்களால், நடந்துபோகும் ஒருவரின் கண்ணுக்குப் படுவதைப் பார்க்க முடியாது. சுற்றுலா காட்டைக் காக்கும் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்கிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை.

பெரியாற்றிலிருந்து சீகூருக்கு வருவோம். நீலகிரியின் வடசரிவுக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மேட்டுநிலம் இது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைக்குக் கடந்துபோகும் யானைகளுக்கு இது வழி. மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் என்று வரிசையாக இருக்கும் ஊர்களைச் சுற்றி ரிசார்ட்டுகள் முளைத்தன. பெயர்ப் பலகைகளில் இயற்கையும் காடும் இருந்தன. நிலத்தில் மின்வேலிகள் எழுந்தன. இரவில் விளக்கு எரிந்தது. விலங்குகளைத் தேடி இரவில் ஜீப்புகள் சுற்றின. இங்கே முதலில் கேட்ட கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பயணியின் காசினால் காட்டில் யாரும் நடக்கவில்லை. யானைகள் நடப்பதுதான் தடைபட்டது.

தமிழ்நாடு அரசு 2010இல் இந்த வழித்தடத்தை அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் அதை ஏற்றது. உரிமையாளர்கள் மேல்முறையீட்டுக்குப் போக, 2018இல் ரிசார்ட்டுகளைப் பூட்டி முத்திரையிட உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2020 அக்டோபர் 14 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. பத்தாண்டு வழக்கு. தீர்ப்பு வந்த மூன்றே மாதத்தில், மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த யானையின் மேல் எரியும் டயரை வீசினார்கள். காது கருகிய அந்த யானை 2021 ஜனவரியில் இறந்தது. டயர் வீசிய காணொளியை என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை. யானையைப் பார்க்கத்தானே அந்த ஊருக்கு ஆட்கள் போனார்கள்? அப்படி வந்த தொழில், யானை வாசலுக்கே வந்தபோது அதைத் தொந்தரவாக எண்ணும் இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

இதற்கு மாற்றாகச் சிலர் ருவாண்டாவைக் காட்டுவார்கள். அங்கே மலைக் கொரில்லாவைப் பார்க்க 2017 முதல் வெளிநாட்டவருக்கு 1,500 டாலர் கட்டணம். ஒரு குழுவில் எட்டுப் பேர், பார்க்க ஒரு மணி நேரம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போகிறது. மலைக் கொரில்லாக்கள் உலகில் ஆயிரத்தைத் தாண்டின. 2018இல் அவை மிகவும் அழியும் நிலையிலிருந்து ஒரு படி மீண்டதாக அறிவிக்கப்பட்டது. இதில் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை நாம் எடுத்துக்கொள்ளலாம். விலையை வேலியாக வைப்பதை நான் ஏற்கமாட்டேன். தேனி மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைக்குப் பெரியாற்று மலை சொந்தக் கொல்லை மாதிரி. பணம் உள்ளவர் மட்டும் உள்ளே போகட்டும் என்றால், நேற்றுவரை காட்டிலிருந்து விலக்கப்பட்ட மக்களே மறுபடியும் வாயிலுக்கு வெளியே நிற்பார்கள். குலுக்கல் வையுங்கள், முறை வையுங்கள். எண்ணிக்கையைக் காடு முடிவு செய்யட்டும், கட்டணம் எளியவருக்கு எட்டும்படி இருக்கட்டும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தபின் என் முடிவு இது. உள்ளூர் மக்களின் நடையாக அமைந்து, குறைந்த எண்ணிக்கையில் நின்று, காட்டுக்குத் தேவைப்படும் நாளில் மூடத் தயாராக இருக்கும் சூழல் சுற்றுலா காப்பாற்றத்தக்கது. அதற்காக வாதாடவும் தயங்கமாட்டேன். காட்டோரத்தில் கட்டடம் எழுப்பி விலங்கைக் காட்டி விற்கும் தொழிலுக்கு அந்தப் பெயரே கூடாது. பெரும்பாலும் அந்தப் பெயரில் நடப்பது இந்த இரண்டாவதுதான் என்பதால், மொத்தத் தட்டு இன்று தீமைப் பக்கமே தாழ்ந்திருக்கிறது.

மூடத் தயாராக இருப்பது என்பதைத்தான் எல்லோரும் எளிதில் விட்டுவிடுகிறார்கள். தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 23 பேர் மாண்டது, காடு காய்ந்து கிடந்த மாதத்தில். 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 பாதைகளோடு மலையேற்றத் திட்டம் தொடங்கியது; பழங்குடி இளைஞர்களையும் காட்டோர ஊர்க்காரர்களையும் வழிகாட்டிகளாகப் பழக்கியிருக்கிறது. திசை சரி. ஆனால் தீக்காலத்தில் பாதைகள் அடைபடும் வாரங்களில் அந்த வழிகாட்டிகளின் அடுப்பு எப்படி எரியும்? அந்த வாரங்களுக்கும் கூலி உண்டு, தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலை உண்டு என்று ஏற்பாடு இருந்தால் பாதையை மூடச் சொல்லி முதலில் குரல் கொடுப்பவர்கள் அவர்களாகவே இருப்பார்கள். இல்லையென்றால் திறக்கச் சொல்லிக் கேட்பார்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றும் இல்லை.

மசினகுடியில் ஜீப் ஓட்டியவர்களும் விடுதிகளில் பாத்திரம் துலக்கிய இருளர், குறும்பர் வீட்டுப் பெண்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். யானைக்குக் கிடைத்த நீதி சரியான நீதி. அதற்கான விலையில் ஒரு பகுதியைப் பிழைப்பை இழந்து கட்டியவர்கள் இவர்கள். மசினகுடியை அடுத்த முதுமலைக் காட்டில் இனி எந்தக் காட்டுநடைக்கு ஆள் எடுத்தாலும் முதல் பெயர்ப்பட்டியல் அந்த வீடுகளிலிருந்து தொடங்க வேண்டும்.