ஹெல்மெட்டோடு போகாத அடி

2019 ஆகஸ்ட், லார்ட்ஸ் டெஸ்ட். ஸ்டீவ் ஸ்மித் 80 ரன்னில் இருக்கிறார். மணிக்கு 148 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பவுன்சர் காதுக்குக் கீழே கழுத்தில் பட, அப்படியே சாய்ந்தார். ஓய்வறையில் நடந்த சோதனைகளில் தேறினார். ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி களத்தில். இன்னும் 12 ரன் சேர்த்தபின், வோக்ஸ் நேராக வீசிய பந்தை ஆடாமல் விட்டு எல்பிடபிள்யூ. மறுநாள் காலை எழுந்தால் தலைவலி, மந்தம். அன்றைய சோதனையில் அவர் தேறவில்லை. அவருக்குப் பதில் இறங்கிய லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றின் முதல் கன்கஷன் (மூளை அதிர்ச்சி) மாற்று வீரர்.

அந்த எல்பிடபிள்யூவுக்குத் தலை அதிர்ந்ததுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் முதல் சோதனையில் தேறியவர் மறுநாள் தவறியது மருத்துவர்களுக்குப் புதிதல்ல. கன்கஷனின் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் வரும், மறுநாளும் வரும்.

சோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்தாலே இது புரியும். சில சொற்களைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்கிறார்கள். டிசம்பரில் தொடங்கி மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்கிறார்கள். குதிகாலை மறு காலின் விரல் நுனியில் வைத்து வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்கிறார்கள். ஆட்டச் சூடு தணியாத வீரர் பல்லைக் கடித்துக்கொண்டு இவ்வளவையும் செய்துவிட முடியும். தலைவலி இருக்கிறதா என்ற கேள்விக்கு “இல்லை” என்று சொல்லிவிடவும் முடியும்.

ஸ்கேன் எடுத்தால் தெரியாதா? தெரியாது. சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். குலுக்கலில் நரம்பிழைகள் இழுபட்டு, செல்களின் வேதிச் சமநிலை குலைந்திருப்பதைக் காட்டாது. மயங்கி விழுந்தால்தான் கன்கஷன் என்பதும் தவறான நம்பிக்கை. பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட நினைவு தப்புவதில்லை.

அதனால்தான் மாற்று வீரர் சர்ச்சைகள் வரும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. 2020-ல் கான்பராவில் ஸ்டார்க்கின் பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. அவர் தொடர்ந்து ஆடி முடித்தார். பிறகு அவருக்கு மாற்றாகச் சாஹல் வந்து மூன்று விக்கெட் எடுத்ததும், “நன்றாகத்தானே ஆடினார்” என்று பேச்சு கிளம்பியது. பந்து பட்ட உடனே பிசியோ ஏன் களத்துக்குள் ஓடவில்லை என்பதல்லவா கேட்டிருக்க வேண்டிய கேள்வி? 2025-ல் புனேயில் ஹெல்மெட்டில் பந்து பட்ட ஆல்ரவுண்டர் துபேக்குப் பதில் வேகப்பந்து வீச்சாளர் ஹர்ஷித் ராணா வந்தது சரியான ஈடா என்று கேட்பது நியாயம். துபேயின் தலைக்கு ஒன்றுமில்லை என்று கேலரியில் இருந்து தீர்ப்புச் சொல்வது நியாயமே இல்லை.

பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்தில் குணமாகிவிடுகிறது. சிறுவர்களுக்கு நான்கு வாரம்வரை ஆகலாம். நாள்கணக்கில் இருட்டறையில் படுக்க வைக்கும் வழக்கமும் போய்விட்டது. ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெல்ல நடை, படிப்படியாகப் பயிற்சி. ஆபத்து எங்கே என்றால், முதல் அடி ஆறுவதற்குள் வாங்கும் இரண்டாவது அடியில். அடுத்து, எத்தனையோ அடிகளுக்குப் பிறகு ஆறவே மறுக்கும் தலையில்.

வில் புகோவ்ஸ்கியை நினைத்தால் இன்றும் வேதனையாக இருக்கிறது. 2021 ஜனவரியில் சிட்னியில் இந்தியாவுக்கு எதிராக அறிமுகமாகி 62 ரன் அடித்தவர். ஆஸ்திரேலியாவின் அடுத்த பத்தாண்டுத் தொடக்க ஆட்டக்காரர் என்று பேசப்பட்டவர். 36 முதல்தர ஆட்டங்களில் சராசரி 45-க்கு மேல். பத்துக்கும் மேற்பட்ட கன்கஷன்கள். 2024 மார்ச்சில் ஹோபார்ட்டில் மெரெடித்தின் பவுன்சர் ஹெல்மெட்டில் பட்டதே கடைசி. ஓராண்டு கழித்தும் தலைவலி, களைப்பு. இடப்பக்கம் ஏதாவது அசைந்தால் கிறுகிறுப்பு, குமட்டல். 2025 ஏப்ரலில் ஓய்வை அறிவித்தபோது வயது 27. அவர் ஆடிய டெஸ்ட் அந்த ஒன்றுதான்.

2025 முதல், கன்கஷன் என்று கண்டறியப்பட்டவர் குறைந்தது ஏழு நாள் ஆடக்கூடாது என்கிறது ஐசிசி. சர்வதேச ஆட்டத்தில் இதைக் கவனிக்க டாக்டர் இருக்கிறார். பள்ளி மைதானத்திலும் கிளப் ஆட்டத்திலும் பெரும்பாலும் பயிற்சியாளரும் நடுவரும்தான். தலையில் பட்ட பையன் தடுமாறினாலோ, ஸ்கோரை மறந்தாலோ, “ஒரு மாதிரி இருக்கு சார்” என்றாலோ அன்றைக்கு அவனை மறுபடி ஆட விடக்கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், வலிப்பு, தூங்கித் தூங்கி விழுதல் என்று எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இவை இல்லாவிட்டாலும் முதல் சில மணி நேரம் தனியே விடாமல் யாராவது கூட இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் பைக்கை அவனே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவும் விடக்கூடாது.