விளக்கு எரிந்தால் போதாது, திரி நனைய வேண்டும்: குர்லா வீடுகளில் கொசுவிரட்டி மஷின்

மழைக்காலம் வந்துவிட்டால் மும்பையின் குர்லாவில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுதான்: "ராத்திரி பூரா மஷின் ஓடுது, பாட்டில்ல மருந்தும் இருக்கு, ஆனாலும் கொசு கடிக்குது." கடைக்காரரிடம் சொன்னால் இன்னும் வீரியமான பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டுவார். அதற்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மஷினை அணைத்து, பிளக்கிலிருந்து கழற்றி, சூடு ஆறியதும் பாட்டிலைத் திருகி எடுத்துத் திரியின் தலையைப் பாருங்கள். அது கருகி, மேலே பிசின்போல ஏதாவது படிந்திருந்தால் மருந்தின் மீது குற்றமில்லை. மருந்து மேலே ஏறவே இல்லை.

திரவக் கொசுவிரட்டி மஷின்களில் இன்று மூன்று வகை கடைகளில் கிடைக்கின்றன. ஒரே வேகத்தில் ஓடும் சாதா மஷின், பொத்தானைத் தள்ளி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மஷின், தானாகவே வேகத்தை மாற்றிக்கொள்ளும் மஷின். மூன்றையும் எங்கள் வீட்டில் மாற்றி மாற்றி ஓட்டி, பழுதானவற்றைப் பிரித்தும் பார்த்திருக்கிறேன். விலை வேறு, தோற்றம் வேறு. ஆனால் மூன்றும் தடுமாறும் இடம் ஒன்றே. அது திரி.

உள்ளே என்ன நடக்கிறது?

பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் வாசனை நீக்கிய மண்ணெண்ணெய் போன்ற ஒரு கரைப்பான். அதில் டிரான்ஸ்ஃப்ளூத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்து மிகச் சிறிய அளவில், பொதுவாக 2 சதவீதத்துக்கும் குறைவாக, கலந்திருக்கும். பாட்டிலின் கழுத்து வழியாகப் பென்சில் கனத்தில் ஒரு குச்சி உள்ளே இறங்குகிறது. அதுதான் திரி. பார்க்கக் கட்டியாகத் தெரிந்தாலும் அதன் உடல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். அகல் விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, அந்தத் துளைகள் வழியாகத் திரவம் தானாக மேலேறுகிறது.

திரியின் தலையைச் சுற்றி, அதைத் தொடாமல், ஒரு சூடேற்றும் வளையம் இருக்கிறது. அதற்குச் சூடு கொடுப்பது பிடிசி எனப்படும் பீங்கான் வில்லை. இந்த வில்லையின் சிறப்பு, சூடு ஒரு அளவைத் தாண்டியதும் அதன் மின்தடை தானாகவே ஏறிவிடும். மின்சாரம் குறையும், சூடும் அங்கேயே நின்றுவிடும். 230 வோல்ட் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் மஷின் எரிந்துபோகாததற்கும், இரவு முழுக்க ஒரே அளவில் ஓடுவதற்கும் இந்தச் சின்ன வில்லைதான் காரணம். அதன் சூட்டில் திரித் தலையிலுள்ள திரவம் ஆவியாகிறது. தலை காயக் காயக் கீழிருந்து புதிய திரவம் ஏறி வருகிறது.

ஏறும் வேகமும் ஆவியாகும் வேகமும் ஒத்துப்போகும்வரை எல்லாம் சரி. ஏறுவது குறைந்து சூடு மட்டும் நீடித்தால் திரி காய்ந்து கருகும். கரைப்பானில் மிஞ்சும் கசடு துளைகளிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். அடைத்த திரி இன்னும் குறைவாகத்தான் இழுக்கும். அதனால் இன்னும் கருகும். ஒருமுறை ஆரம்பித்தால் இந்தச் சுழல் தானாக நிற்பதில்லை.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

விளக்கை நம்ப வேண்டாம். மஷினிலுள்ள சிவப்பு விளக்கு மின்சாரம் வருகிறது என்று மட்டுமே சொல்லும். வில்லை உடைந்திருந்தாலும் விளக்கு எரியும் மஷின்கள் உண்டு. ஓடவிட்டுக் கால் மணி நேரம் கழித்து, மேல் துவாரத்துக்குச் சற்று மேலே உள்ளங்கையைக் காட்டுங்கள். வெதுவெதுப்பு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் வேறு ஸ்விட்ச் போர்டில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் மஷினை மாற்றுவதே வழி. நேரடியாக 230 வோல்ட் ஓடும் பொருள் அது. வீட்டில் பழுது பார்க்கும் சாமான் இல்லை.

சூடு இருக்கிறது என்றால் அடுத்தது பாட்டில். திரவத்தின் மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். 45 மில்லி பாட்டிலின் உறையில் 45 இரவு என்று போட்டிருந்தால் இரவுக்கு 1 மில்லி குறைய வேண்டும். ஒரு வாரத்தில் 7 மில்லி. கோடு அப்படியே நின்றால் திரி அடைத்துவிட்டது. அதைவிட வேகமாக இறங்கினால் மஷின் அதிவேகத்தில் ஓடுகிறது, அல்லது பாட்டில் கசிகிறது. இந்த ஒரு கோடு சொல்லும் உண்மையை எந்த விளம்பரமும் சொல்லாது.

திரி ஏன் காய்கிறது?

முதல் காரணம், காலி பாட்டிலோடு ஓட்டுவது. மருந்து தீர்ந்த பிறகும் பகலிலும் இரவிலும் மஷின் எரிந்துகொண்டே இருக்கும் வீடுகள் பல. அடியில் சில துளிகள் மிச்சமிருக்கும்போது திரவம் மேலேற வேண்டிய தூரமும் அதிகம், வரத்தும் குறைவு. அதனால் கடைசிச் சொட்டுவரை பிழிய நினைப்பதில் லாபமில்லை. கடைசி நாட்களில் கொசுவும் போகாது.

இரண்டாவது, படுத்த நிலை. ஒரே அறை வீடுகளில் ஸ்விட்ச் போர்டு பற்றாமல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போட்டு, அதில் மஷினைச் செருகுகிறோம். மஷின் படுத்துவிடுகிறது, பாட்டிலும் சாய்கிறது. திரியின் அடி திரவத்தைத் தொடாமல் போகலாம். இல்லையென்றால் திரவம் கழுத்து வழியாக மஷினுக்குள் கசியலாம். பல மஷின்களில் பிளக் பகுதியைச் சுழற்ற முடியும். போர்டு எப்படி இருந்தாலும் பாட்டில் நேராகத் தொங்கும்படி அதைத் திருப்பிச் செருகுங்கள்.

மூன்றாவது, பொருந்தாத பாட்டில். ஒரு நிறுவனத்தின் மஷினில் இன்னொரு நிறுவனத்தின் பாட்டில் மரை ஏறிவிடும். ஆனால் திரியின் உயரமும் வளையத்தின் இடமும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. திரி குட்டையாக இருந்தால் சூடு படாது. நெட்டையாக இருந்தாலோ கோணலாக இருந்தாலோ வளையத்தில் உரசி ஒரு பக்கம் மட்டும் கருகும். மாட்டிய பிறகு மேலிருந்து பாருங்கள். திரி வளையத்தின் நட்டநடுவில் நிற்க வேண்டும்.

நான்காவது, காற்று வழி. திரவம் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பப் பாட்டிலுக்குள் காற்று நுழைய வேண்டும். திரியைப் பிடித்திருக்கும் அடைப்பில் அதற்கு ஒரு சிறு வழி உண்டு. அங்கே தூசியும் கசடும் படிந்தால் திரவம் மேலேறத் தயங்கும். குர்லாவின் சாலையோர வீடுகளில், கதவைத் திறந்தால் போதும், எல்லாவற்றின் மீதும் தூசி படிந்துவிடும். உபயோகிக்காத மாதங்களில் பாட்டிலைக் கழற்றி மூடி போட்டு வைப்பது இதற்காகத்தான்.

ஐந்தாவது, மிக ஆபத்தானது: தீர்ந்த பாட்டிலை வீட்டில் நிரப்புவது. மண்ணெண்ணெயில் கற்பூரம் கரைத்து ஊற்று, வேப்பெண்ணெய் ஊற்று என்று யோசனைகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. வேப்பெண்ணெய் கனமானது, அந்த நுண்துளைகளில் ஏறாமல் அடைக்கும். சாதா மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும் பொருள். அதைச் சூடான வளையத்துக்கு அருகில் இரவு முழுக்க வைத்துவிட்டு, திரைச்சீலைக்குப் பக்கத்தில், பிள்ளைகளோடு தூங்குவது விளையாட்டல்ல. கருகிய திரியைக் கத்தியால் சுரண்டுவதும் வீண். சுரண்டினால் துளைகள் நசுங்கும். புதுப் பாட்டிலோடு புதுத் திரி வருகிறது. மீதித் திரவத்தை மோரியிலோ கட்டரிலோ ஊற்றாதீர்கள். குர்லாவின் சாக்கடைகள் மிட்டி நதிக்குப் போகின்றன; பைரித்ராய்டு மருந்து மீன்களுக்குக் கொடிய நஞ்சு. மூடி போட்டு, மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கட்டிக் கொடுங்கள்.

திரி நனைந்தும் கொசு போகவில்லையா?

அப்படியானால் மஷின் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பீரோவுக்குப் பின்னாலோ டிவிக்கு அடியிலோ இருந்தால் ஆவி அங்கேயே தேங்கும். காற்று உள்ளே வரும் பக்கம் மஷின் இருந்தால் ஆவி அறை முழுக்கப் பரவும். காற்று வெளியேறும் பக்கம் இருந்தால் மருந்து நேரே சந்துக்குப் போய்விடும். படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். மருந்து அறையில் நிறைவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதற்காகக் காற்றே வராமல் அடைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். வீட்டில் மீன் தொட்டி இருந்தால் அந்த அறையில் மஷினே வேண்டாம்.

இன்னொன்று, எந்தக் கொசு என்பது. கட்டரிலும் மிட்டி ஓரத்திலும் பெருகுவது கியூலெக்ஸ். இரவில் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். மலேரியாவைக் கொண்டுவரும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி சாக்கடையைத் தேடுவதில்லை. கிணறு, மொட்டைமாடித் தொட்டி, மூடாத டிரம் என்று சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். பம்பாயின் மலேரியாவை ஆராய்ந்த பென்ட்லியின் 1911 அறிக்கையும் கோவெலின் 1928 அறிக்கையும் கிணறுகளையும் தொட்டிகளையும்தான் சுட்டிக்காட்டின. இன்றும் மாநகராட்சி ஊழியர்கள் மாடியேறித் தொட்டி மூடியைப் பார்ப்பது அதனால்தான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். இரவில் மட்டும் மஷின் போடும் வீட்டில் பகல் கொசுவுக்குத் தடையே இல்லை.

பல ஆண்டுகளாக ஒரே வகை மருந்தையே சுவாசித்துவரும் கொசுக்கள் அதைத் தாங்கப் பழகுவதும் உண்மை. அதனால்தான் புதிய மூலக்கூறுகள் வருகின்றன. குர்லாவிலிருந்து மூன்றாவது ஸ்டேஷனான விக்ரோலியில் தலைமையகம் கொண்ட கோத்ரேஜ் கன்ஸ்யூமர் நிறுவனம், ரெனோஃப்ளூத்ரின் என்ற, இந்தியாவில் உருவான மருந்தை 2024 ஜூலையில் அறிமுகப்படுத்தியது. ஆனால் எந்தப் புது மருந்தும் திரி வழியாகத்தான் ஏறி வர வேண்டும். காய்ந்த திரியில் அதுவும் பயன்படாது.

வாங்கும்போது

உறையில் மத்திய பூச்சிக்கொல்லி வாரியப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி அது கட்டாயம். பக்கத்திலேயே சாய்சதுரக் குறி இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நஞ்சின் அளவைச் சொல்லும். சிவப்பு மிகக் கடுமை. பிறகு மஞ்சள், நீலம். பச்சை மிகக் குறைவு. ஸ்டேஷன் வாசலில் மலிவாக விற்கும், பதிவு எண் இல்லாத கொசு அகர்பத்திகளை வாங்கவே வாங்காதீர்கள். அனுமதி பெறாத மருந்து கலந்த பத்திகள் சந்தையில் உலவுகின்றன.

பாட்டில் பிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியின்போது கரைப்பான் நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தீர்ப்பு

கொசுவர்த்திச் சுருளின் புகை இல்லை, மேட்போலத் தினமும் மாற்றும் வேலை இல்லை. 5 வாட் மஷின் இரவுக்கு 10 மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு ஒன்றரை யூனிட் மின்சாரம்தான். ஒற்றை அறை வீட்டுக்குத் திரவ மஷின் நல்ல கருவி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மூன்று வகையில் என் ஓட்டு பொத்தானைத் தள்ளும் மஷினுக்கு: மாலையில் கூட்டி, தூங்கும்போது குறைத்துக்கொள்ளலாம். தானாக மாறும் மஷினுக்குக் கூடுதல் விலை கொடுக்கும் அளவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. வீரியம் கூடிய பாட்டிலைவிட, நேராக நிற்கும் பாட்டிலும் நனைந்த திரியும் அதிக வேலை செய்யும்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் முதல் காவல் கொசுவலை. மஷின் அதற்குப் பிறகுதான். தண்ணீர் டிரம்முக்கு மூடி போடுங்கள், பாட்டிலில் ஒரு கோடு போடுங்கள், வாரம் ஒருமுறை திரியைப் பாருங்கள். இந்த மூன்றையும் செய்த பிறகும் கடித்தால், அப்போது வேறு பாட்டில் வாங்கலாம்.