புதியோர் வினாவும் தொண்டர் விடையும்

வினாவையும் விடையையும் வழுவாமற் காத்தல் வேண்டும் என்பது தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் வைத்த நெறி. அவர் வழிவந்த பவணந்தியார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்தனர். இப்பகுப்பு இன்று தேர்வின்பொருட்டு உருப்போடும் பட்டியலாகக் குன்றிவிட்டது. அதனை வாழும் உரையாடல் ஒன்றன்மேல் வைத்து நோக்குதல் இக்கட்டுரையின் கருத்து. 2003ஆம் ஆண்டு தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவிற் புதிதாக எழுதப் புகுவார் ஐயம் வினவ, ஊதியம் பெறாத தொண்டர் விடையிறுக்கின்றனர். சிதம்பரத்தில் நம்மிடம் பயில்வாருள்ளும் சிலர் அதன்கண் எழுதத் தலைப்பட்டுள்ளனர். ஆதலின் இது நமக்குப் புறம்பான பொருள் அன்று.

முதற்கண் பெயர்களை நோக்குவோம். உதவி வேண்டுமிடம் 'ஒத்தாசைப் பக்கம்' எனவும், கூடிப் பேசுமிடம் 'ஆலமரத்தடி' எனவும், எழுதிப் பழகுமிடம் 'மணல்தொட்டி' எனவும் வழங்குகின்றன. உதவி நடுவம் என்றோ, வழிகாட்டுக் குழு என்றோ பெயரிடாமல், பக்கத்து வீட்டாரை அழைக்கும் சொல்லைத் தேர்ந்தது பாராட்டற்குரியது. ஆயின் அழைத்த குரலிலேயே விடையும் அமைகின்றதா என்பதே வினா.

சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரே விடையாவன. ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் அப்பொருளைக் குறிப்பால் தருதலின் விடையாகக் கொள்ளப்பட்டன. 'இது செய்வாயா?' என்றானுக்கு 'நீயே செய்' என்பது ஏவல். அதனுள் மறுப்பு அடங்கியிருத்தலைக் கேட்டோன் உணர்வான். எவ்வாறு உணர்வான்? சொல்வான் முகமும் குரலும், இருவர்க்கும் பொதுவான பழக்கமும் துணைநிற்றலால் உணர்வான். இத்துணை இன்றேல் குறிப்பு விடை விடையாகாது. இலக்கண நூலார் இதனை வெளிப்பட விதந்து கூறாமைக்குக் காரணம், அவர் கண்ட உரையாடல் எதிரெதிர் நின்றார் உரையாடல் ஆதலே என்க.

புதியோன்மாட்டு இத்துணை ஒன்றும் இல்லை. 'என் கட்டுரை ஏன் நீக்கப்பட்டது?' என அவன் வினவுகின்றான். 'உதவிப் பக்கங்களைப் படியுங்கள்' என்பது ஏவல், 'விதிகளைப் பார்த்தீர்களா?' என்பது வினாவெதிர் வினாதல். 'மீண்டும் இட்டால் மீண்டும் நீக்கப்படும்' என்பது உறுவது கூறல். மூன்றும் இலக்கணத்தான் விடையே. புதியோனுக்கோ மூன்றும் மறுப்பாகவே ஒலிக்கும். அவன் கேட்டது அறியா வினா. தொண்டர் அதனை அறிந்தே வம்புக்கு எழுப்பிய வினாவாக மயங்குவதும் உண்டு.

தொண்டர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே வினாவுக்கு நூறாவது முறையும் விடை எழுதுவார்க்குச் சலிப்பு வாராதா? நன்னூலார் கடைமாணாக்கர்க்கு உவமை கூறிய ஆடு, ஈண்டும் தழைக்குத் தழை தாவுகின்றது. ஒரே வினாவை நான்கிடத்து இட்டுச் செல்வாரைக் கண்டார் இதனை மறுக்கமாட்டார். எனினும் பாடங்கேட்கும் மாணாக்கனுக்கு விதித்த தகுதிகளை வாயிலில் நிற்பானிடம் எதிர்பார்த்தல் பொருந்தாது.

இதற்கு எதிர்நிலையான சான்று உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' ஆகும். பின்னாளில், 1924 முதல் 1927 வரை, சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரித் தலைவராக விளங்கிய அப்பெரும்புலவர், கும்பகோணத்திற் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்த ஞான்று சமண மரபுக்குப் புதியவரே. நச்சினார்க்கினியர் உரையாலும் விளங்காதவற்றை அவ்வூர்ச் சமணராகிய சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் சென்று வினவினார். அவர்களும் தம் சமயக் குறியீடுகளை வெளிப்படையாக விளக்கினர். புறச்சமயத்தார்க்கு இஃது எதற்கு என்று ஒதுக்கவில்லை. 1887இல் வெளிவந்த பதிப்பின் பின்னணியில் இவ்விடைகள் உள்ளன. பதிப்பு வரலாறு எழுதுவோர் ஏடு தேடிய வரலாற்றுக்குத் தரும் இடத்தை விடை கேட்ட வரலாற்றுக்குத் தருவதில்லை என்பது நம் குறை.

கடலூர்ப் பகுதியினின்று ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். திருப்பாதிரிப்புலியூரைப் பற்றி எழுதும் மாணவன் ஒருவன், அங்குப் பழஞ்சமணப் பள்ளி இருந்தது எனச் சான்றின்றி எழுதுகின்றான் என வைத்துக்கொள்வோம். தொண்டர் அவ்வரியை நீக்குதல் முறையே. 'மெய்யறிதன்மை' என அவர் வழங்கும் நெறி அதனை வேண்டுகின்றது. ஆனால் அவ்வொரு சொல்லை மட்டும் இட்டு அகல்வது, குறியீட்டுக்குக் குறியீட்டையே உரையாக எழுதுவதாகும். 'சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458 என்னும் காலக்குறிப்பைத் தாங்கிய லோகவிபாகம் பாடலிகம் என்னும் ஊரைச் சொல்கின்றது. அதனைத் திருப்பாதிரிப்புலியூர் எனக் கொண்ட ஆராய்ச்சி நூலொன்றைக் காட்டுக, வரி மீண்டும் இடம்பெறும்' என்பதே சுட்டு விடை. எழுத இரண்டு நிமிடம் கூடுதலாகும். அம்மாணவன் அடுத்துச் செல்லுமிடம் நூலகம் ஆகும்.