ஓராஞ்சு உரோம அரங்கும் கோடைகால இசைநாடகமும்

நாடகத்தை ஆராய்வோர் பாத்திரங்களை ஆராய்வர், கதைப்போக்கை ஆராய்வர், உரையாடலின் நயத்தை எடுத்துக்காட்டுவர். நாடகம் நிகழும் இடத்தை ஆராய்வோர் சிலரே. இடம் என்பது கலையைத் தாங்கும் வெறுங்கலம் என்ற எண்ணமே இதற்குக் காரணம் போலும். அரங்கின் நீளமும் அகலமும் உயரமும் கோலால் அளந்து கூறப்படும் அரங்கேற்று காதையைப் பயின்ற நமக்கு, இடமும் கலையின் இலக்கணத்துள் அடங்கும் என்பது புதிய கருத்தன்று. அக்கருத்தை நன்கு சோதித்துப் பார்ப்பதற்கு ஏற்ற ஓர் இடம் பிரான்சு நாட்டின் தென்பகுதியில் உள்ளது. அதுவே ஓராஞ்சு நகரத்து உரோம அரங்கு. கோடைதோறும் அங்கு நிகழும் இசைநாடக விழா 'கொரேஜி' எனப் பெயர்பெறும்.

இவ்விழாவைப் பற்றி இரண்டு குறைகளைக் கூறலாம். பழைய அரங்கு துன்பியல் நாடகத்துக்கே உரியது, இசைநாடகம் அங்கு வந்தேறியது என்பது ஒன்று. அரங்கின் பெருமை கலையின் நுண்மையை விழுங்கிவிடுகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எத்துணை அளவு பொருந்தும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரங்கின் அமைப்பு

ஓராஞ்சின் பழம்பெயர் அராவுசியோ என்பது. கி.மு. 35ஆம் ஆண்டளவில், உரோமரின் இரண்டாம் படைப்பிரிவைச் சேர்ந்து போரிட்டு ஓய்ந்த வீரர்களுக்காக அமைத்த குடியேற்ற நகரம் அது. அகசுடசு காலத்தையொட்டி அங்கு அரங்கு எழுந்தது. செயின்ட் யூத்ரோப் என்னும் குன்றின் வடசரிவில் அரைவட்டமாகப் படியிருக்கைகள் அமைந்துள்ளன. அவற்றுக்கு எதிரே, நகரத்தின் பக்கமாக, மேடையின் பின்சுவர் நிற்கின்றது. அதன் நீளம் 103 மீட்டர். உயரம் 37 மீட்டர். மேடையின் நீளம் 61 மீட்டர். தம் நாட்டிலுள்ள சுவர்களுள் இதுவே மிக அழகியது என்று பதினான்காம் லூயி மன்னர் புகழ்ந்ததாக ஒரு வழக்கு உண்டு. உரோம உலகில் எஞ்சியுள்ள அரங்குகளுள் பின்சுவர் இத்துணை முழுமையாக நிற்பவை மிகச் சிலவே. சுவரின் நடுமாடத்தில் அகசுடசின் உருவம் என்று கருதப்படும் பெருஞ்சிலை ஒன்று மேடையை நோக்கி நிற்கின்றது. யுனெசுகோ நிறுவனம் 1981இல் இவ்வரங்கை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இச்சுவரை அழகுக்காக மட்டும் எழுப்பினர் என்று கொள்ளுதல் தவறு. அகசுடசின் காலத்தவரான விட்ரூவியசு தம் கட்டடக்கலை நூலின் ஐந்தாம் பகுதியில் அரங்கின் ஒலியியல்பை விரிவாகப் பேசுகின்றார். நீரிற் கல் விழுந்தால் வளையங்கள் பரவுவதுபோலக் குரலும் பரவுகின்றது. ஆனால் நீர்வளையம் கிடையாகவே செல்ல, குரலோ மேல்நோக்கியும் படிப்படியாக ஏறுகின்றது என்பது அவர் கொள்கை. படியிருக்கைகள் ஏறிச்செல்வதன் காரணம் இதனால் விளங்கும். முன்னோக்கிச் செல்லும் குரல் படிகளில் ஏறுகின்றது. பின்னோக்கிச் செல்லும் குரலைச் சுவர் அவையின்பால் திருப்புகின்றது. ஆகவே இவ்வரங்கு முதலிற் கேட்பதற்குரிய கருவி. அதன்பின்னரே காண்பதற்குரிய காட்சி. வெரோனா நகரத்து நீள்வட்ட அரங்கிலிருந்து இது வேறுபடும் இடமும் இதுவே. 1913இல் 'அயிடா'வுடன் இசைநாடகம் புகுந்த அவ்வெரோனா அரங்கு, மற்போரும் விலங்குப்போரும் காண்பதற்காக எழுந்தது. அங்குக் கண்ணுக்கே முதலிடம். ஓராஞ்சிலோ செவிக்கு முதலிடம். இவ்விரு விழாக்களையும் ஒரு தட்டில் வைத்து எடைபோடுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

விழாவின் வரலாறு

உரோமப் பேரரசு கிறித்தவ சமயத்தைத் தழுவியபின், கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அரங்கு மூடப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டின் சமயப்போர்களில் நகரமக்கள் அதனுள் அடைக்கலம் புகுந்தனர். காலப்போக்கில் மேடையிலும் படிகளிலும் வீடுகள் எழுந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வீடுகளை அகற்றி அரங்கை மீட்டெடுத்தனர். பழஞ்சின்னங்களின் மேற்பார்வையாளராக விளங்கிய எழுத்தாளர் மெரிமேயின் முயற்சி இதிற் பெரும்பங்கு பெறும்.

1869இல் 'உரோம விழா' என்னும் பெயரால் முதல் நிகழ்ச்சி நடந்தது. 1888இல் மூனே சுல்லி என்னும் பெருநடிகர் சோபோக்கிளிசின் 'ஈடிப்பசு' நாடகத்தில் நடித்தார். 1894இல் கொமெடி பிரான்சேசு நாடகக் குழுவினர் அங்கு நடித்தனர். 1902இல் விழா 'கொரேஜி' என்னும் பெயரைப் பெற்றது. 1903இல் சாரா பெர்னார் இராசீனின் 'பேத்ரு' நாடகத்தில் தோன்றினார். பண்டை ஏதென்சில் செல்வர் ஒருவர் நாடகத்தின் பாடற்குழுவுக்குரிய செலவைத் தம் கடமையாக ஏற்பது வழக்கம். அக்கடமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே விழாவின் பெயருக்கு வேர். 1947இல் அண்மை நகரமாகிய அவிஞோனில் ழான் விலார் நாடக விழாவைத் தொடங்கினார். பேச்சு நாடகம் மெல்ல மெல்ல அவ்விழாவின் உரிமையாயிற்று. 1971 முதல் 'புதிய கொரேஜி' இசைநாடகத்தையே தன் துறையாக வகுத்துக்கொண்டது.

முதற்குறை பொருந்துமா?

இவ்வரலாற்றை மேலோட்டமாக நோக்குவோர், துன்பியல் நாடகம் இருந்த இடத்தை இசைநாடகம் கவர்ந்துகொண்டது என்று முடிவு செய்வர். அம்முடிவு பொருந்தாது. அதற்கு மூன்று காரணங்கள் காட்டலாம்.

முதலாவது, 1869இல் நிகழ்ந்த முதல் விழாவிலேயே இடம்பெற்ற படைப்பு மெயூலின் 'யோசேப்பு' என்னும் இசைநாடகம். மீட்கப்பெற்ற அரங்கில் ஈடிப்பசின் குரல் ஒலிப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னரே இசைநாடகப் பாடல் ஒலித்துவிட்டது. ஆகவே வந்தேறி யார், முன்குடி யார் என்னும் வினாவுக்கு வரலாறு தரும் விடை வேறாக உள்ளது.

இரண்டாவது, அரங்கு எழுந்த காலத்தில் உரோமர் பெரிதும் விரும்பியது துன்பியல் நாடகத்தை அன்று. நகைக்கூத்தும் வாய்பேசா ஆடலுமே அவர்தம் விருப்பம். பிலாடிசு, பாதில்லசு என்னும் இருவர் அகசுடசு காலத்தில் உரோமில் நிலைபெறச் செய்த அவ்வாடலில், ஆடுவோன் ஒருவன் பேசாது பல பாத்திரங்களையும் தானே ஆடிக்காட்டுவான். கதையைப் பாடுவோர் வேறாக இருப்பர். இசையும் கதையும் மெய்ப்பாடும் ஒன்றிய அக்கலை, பேச்சு நாடகத்தைக் காட்டிலும் இசைநாடகத்துக்கே அண்மையது. சோபோக்கிளிசை ஓராஞ்சுக்குக் கொண்டுவந்தோர் பழமையை மீட்டதாக எண்ணினர்; உண்மையில் அவர்கள் தம் காலத்துக் கனவு ஒன்றையே அங்கு நட்டனர்.

மூன்றாவது, இசைநாடகத்தின் பிறப்பே பழைய அரங்கைப் பற்றிய நினைவில் நிகழ்ந்தது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் புளோரன்சு நகரத்து அறிஞர், கிரேக்கத் துன்பியல் நாடகங்கள் பாட்டாகவே நிகழ்ந்தன என்று கருதி, அம்முறையை மீட்க முயன்றனர். அவர்கள் கருத்தில் மிகை இருக்கலாம். ஆயினும் அம்முயற்சியின் பயனாகவே பெரியின் 'யூரிதிசே' 1600இலும், மொந்தவெர்தியின் 'ஓர்பேயோ' 1607இலும் தோன்றின. ஒரு பிழையான கருத்திலிருந்து ஒரு புதிய கலை பிறந்தது. அக்கலை பழைய அரங்குக்குத் திரும்புவது, தான் காணாத தாயை மகள் தேடி வருவதை ஒக்கும்.

இரண்டாங்குறை: 'நோர்மா' தரும் விடை

இனி, அரங்கின் பருமை கலையின் நுண்மையை விழுங்கும் என்னும் குறையை நோக்குவோம். எண்ணாயிரம் பேருக்கு மேல் அமரும் திறந்தவெளியில் பெருங்குரலும் பெருங்கூட்டமுமே செல்லும் என்று எண்ணுவது இயல்பே. படமாகக் காக்கப்பெற்ற இரு நிகழ்ச்சிகள் அவ்வெண்ணத்தை மறுக்கின்றன. ஒன்று, 1973இல் கார்ல் பேம் இசைநெறிப்படுத்த, பிர்கித் நில்சனும் ஜான் விக்கர்சும் பாடிய வாக்னரின் 'திரிசுதானும் இசொல்டேயும்'. மற்றொன்று, 1974 ஜூலை 20 அன்று மொன்செராத் கபாயே பாடிய பெல்லினியின் 'நோர்மா'. பின்னதனை ஈண்டு விரித்து நோக்குவோம்.

1831இல் மிலான் நகரில் அரங்கேறிய 'நோர்மா', உரோமர் ஆட்சிக்குட்பட்ட கால் நாட்டைக் களமாகக் கொண்டது. நோர்மா அந்நாட்டின் துருயிதுப் பூசாரிணி. தன் மக்களின் விடுதலைப் போருக்குக் குறிசொல்ல வேண்டியவள். அவளோ பகைவனாகிய உரோம ஆளுநன் பொலியோனேயை மறைவாகக் காதலித்து, இரு குழந்தைகளுக்குத் தாயானவள். அவன் வேறொருத்தியை நாடுகின்றான். இறுதியில் நோர்மா தன் குற்றத்தைத் தானே மன்றத்தில் வெளியிட்டு எரிபுகுகின்றாள். அவளது பெருமையை உணர்ந்த பொலியோனேயும் உடன்புகுகின்றான்.

இக்கதை நிகழும் நாடே ஓராஞ்சு நிற்கும் நாடு. மேடையின் பின் நிற்கும் சுவரோ அக்காலத்து வெற்றியாளர் எழுப்பிய சுவர். பிற அரங்குகளில் ஓவியன் கானகத்தையும் பலிக்கல்லையும் வரைந்து காட்டுவான். உரோமரின் ஆட்சியைப் பாத்திரத்தின் உடையால் மட்டும் உணர்த்துவான். இங்கோ, கால் நாட்டு மக்கள் விடுதலையைப் பாடுங்கால், அகசுடசின் சிலை அவர்களுக்கு மேலே நின்று நோக்குகின்றது. பாத்திரங்கள் எதனை எதிர்க்கின்றனரோ அதுவே மேடையாக அமைந்துவிட்டது. நூலாசிரியர் எழுதாத ஒரு பாத்திரத்தை இடம் தானே சேர்த்துவிடுகின்றது.

அன்றிரவு மிசுத்திரால் என்னும் வாடைக்காற்று வீசிற்று. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே வடக்கிலிருந்து இறங்கும் கடுங்காற்று அது. படத்தில் பாடகியரின் உடைகளும் போர்வைகளும் ஓயாது அலைவதைக் காண்கின்றோம். நிலவை நோக்கி அமைதி வேண்டும் புகழ்மிக்க பாடலைக் கபாயே பாடுங்கால், உடை காற்றில் அலைகின்றது, குரல் அலையவில்லை. நீண்ட இசைத்தொடர்களை ஒரே மூச்சில் இழுத்து, உரத்த இடத்தினும் மெல்லிய இடத்திலேயே அவர் மிகுந்த ஆற்றலைக் காட்டுகின்றார். உள்ளே புயலும் வெளியே அமைதியும் கொண்டு நிற்பதே நோர்மாவின் நிலை. காற்று அந்நிலையைப் புறத்தே வரைந்து காட்டிற்று. திட்டமிட்டுச் செய்ய இயலாத ஒன்று அது. ஆயினும் வெறும் தற்செயல் என்று தள்ளுதற்கும் உரியதன்று. காற்றை ஏற்கும் அரங்கும், காற்றுக்கு ஈடுகொடுக்கும் கலைஞரும் கூடியதாலேயே அது கலையாயிற்று. பேரரங்கு பெருங்குரலையே வேண்டும் என்பார்க்கு இதுவே தக்க விடை. அவ்வரங்கு வேண்டுவது உரத்த குரலை அன்று, நிலைத்த குரலையே.

எஞ்சி நிற்கும் குறை

இவ்வாறு கூறுவதால் இவ்விழா குறையற்றது என்பது நம் கருத்தன்று. இரண்டாங்குறையில் ஓரளவு உண்மை உண்டு. அவ்வுண்மை கல்லைச் சார்ந்ததன்று, தேர்வைச் சார்ந்தது.

ஓராஞ்சில் ஓர் இசைநாடகம் பெரும்பாலும் ஓரிரவோ ஈரிரவோதான் நிகழும். காற்றும் மழையும் எப்போதும் அச்சுறுத்தும். எண்ணாயிரம் இருக்கைகள் நிரம்ப வேண்டும். பார்வையாளர் தரும் கட்டணத்தைப் பெரிதும் சார்ந்த விழாவுக்கு இது உயிர்நிலை. இதனால் 'அயிடா', 'கார்மென்', 'தோசுகா', 'நபுக்கோ', 'திராவியாத்தா' என யாவரும் அறிந்த சில படைப்புகளே மீண்டும் மீண்டும் மேடையேறுகின்றன. இவற்றுள் முன்னைய சில சுவரோடு பொருந்துவன. 'அயிடா'வின் வெற்றி ஊர்வலத்துக்கு மட்டுமன்று, உயிருடன் கல்லறையில் அடைபடும் அதன் இறுதிக் காட்சிக்கும் சுவர் துணைசெய்யும். 'திராவியாத்தா'வின் நிலை வேறு. நோயுற்ற பெண்ணொருத்தி சிற்றறையில் உயிர்விடும் காட்சிக்கு வெர்டி நரம்புக்கருவிகளின் மெலிந்த ஓசையையே முன்னிசையாக வைத்தார். 61 மீட்டர் மேடையில் ஒரு கட்டிலை இட்டுவைத்தால் அது சிற்றறை ஆகாது.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க அண்மை ஆண்டுகளில் சில தயாரிப்புகளில் சுவரின்மீது ஒளிப்படங்களை வீசிக் காட்டுகின்றனர். மாளிகையும் கானகமும் கடலும் நொடியில் தோன்றி மறைகின்றன. இது கண்ணுக்கு இனிதே. ஆயின் இரண்டாயிரம் ஆண்டுச் சுவரை வெண்திரையாக்கினால், அச்சுவர் அங்கு இருப்பதன் பயன் யாது? 2006இல் மேடைக்குமேல் அமைத்த எஃகு, கண்ணாடிக் கூரை சுவரைக் காப்பதற்காக எழுந்தது. அது சுவருக்குப் பணிசெய்கின்றது. வீசும் படமோ சுவரை மறைக்கின்றது. பழமையோடு புதுமை சேரும் இருவேறு நெறிகளை இவற்றிற் காணலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் போதரும். ஓராஞ்சில் இசைநாடகம் வந்தேறியன்று. அரங்கின் பண்டை இயல்புக்கும் மீட்பு வரலாற்றுக்கும் அது பொருந்துவதே. அரங்கின் பெருமை நுண்மையை அழிப்பதில்லை என்பதற்கு 1974ஆம் ஆண்டு 'நோர்மா' சான்று. ஆனால் எந்த நாடகமும் எந்த இடத்திலும் ஒரே பொருளைத் தரும் என்று கருதித் தேர்வு செய்யுங்கால், கலை இடத்தை இழக்கின்றது. இடமும் கலையை இழக்கின்றது. விழாவின் பெயர் ஒரு குடிமகனின் கடமையைக் குறிப்பது என்று மேலே கண்டோம். ஏதென்சு நகரத்துச் செல்வர் பாடற்குழுவுக்குப் பொருள் தந்தது, மக்கள் முன்பே அறிந்ததை மட்டும் மீண்டும் கேட்பதற்காக அன்று. புதிய நாடகத்தைக் கேட்பதற்காகவுமே. அக்கடமை நிறைவேறுமாயின், சுவர் இன்னும் பல குரல்களை அவைக்குத் திருப்பித் தரும். அது குரலைத் திருப்பும் சுவரேயன்றித் தானே பாடும் சுவர் அன்று.