பஷீருக்கு எழுதிய கடிதம்

இரவு இரண்டரை மணிக்குப் புத்தகத்தை முடித்தேன். முடித்த கையோடு முதல் பக்கத்துக்குத் திரும்பிவிட்டேன். மறுநாள் வேலை இருந்தது, கண் எரிந்தது, எதுவும் பொருட்டாகத் தெரியவில்லை. ஒரு தொலைக்காட்சித் தொடரை வைத்து எழுதிய நாவல் இப்படி ஆளைப் பிடித்து ஆட்டும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இப்போது நான்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

புத்தகத்தின் பெயர் 'எ ஸ்டிட்ச் இன் டைம்'. ஸ்டார் ட்ரெக் குடும்பத்தில் 1993 முதல் 1999 வரை ஓடிய 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரைச் சார்ந்தது. அந்தத் தொடருக்கென்று பாக்கெட் புக்ஸ் வெளியிட்டுவந்த நாவல் வரிசையில் 27ஆவதாக 2000இல் வந்தது. தலைப்பிலேயே ஒரு சொக்குப்பொடி இருக்கிறது. காலத்தில் போடும் ஒரு தையல் ஒன்பது தையலை மிச்சப்படுத்தும் என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. கதை சொல்கிறவன் தையற்காரன். அவன் கடை வைத்திருந்த விண்வெளி நிலையத்தின் பெயரில் ஒன்பது இருக்கிறது. பழமொழியின் பின்பாதியைத் தலைப்பிலிருந்து விட்டுவிட்டார்கள். தொடரைப் பார்த்தவர்கள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள்.

அந்தத் தையற்காரன் காரக். கார்டாசியர்கள் பல்லாண்டுகள் பஜோர் கிரகத்தை அடக்கி ஆண்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற நிலையத்தில், வெறுக்கிறவர்கள் நடுவே, தன்னந்தனியாகத் தங்கிவிட்ட கார்டாசியன் அவன். நாடு கடத்தப்பட்டவன். முன்னாள் உளவாளி என்று எல்லோருக்கும் தெரியும். அவனைக் கேட்டால், ஐயோ, நான் துணி தைக்கிறவன் என்பான். முதல் பருவத்திலேயே இளம் மருத்துவர் ஜூலியன் பஷீரின் மேசைக்கு வந்து அவனாகவே அறிமுகம் செய்துகொள்வான். அதன்பின் இருவரும் சேர்ந்து சாப்பிடுவதும் இலக்கியம் பற்றிச் சண்டை போடுவதும் வழக்கமாகிவிடும். பஷீர் 'ஜூலியஸ் சீஸர்' படிக்கக் கொடுத்தால், காரக் படித்துவிட்டு, எல்லோருக்கும் தெரிகிற சதி சீஸருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும் என்று கடிந்துகொள்வான். அவனை ஒரே காட்சியில் பார்த்தாலும் மறக்க முடியாது. வாயைத் திறந்தால் பொய், ஆனால் ஒவ்வொரு பொய்யிலும் அவனுடைய ஏதோ ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். 'தி வயர்' என்ற அத்தியாயத்தில் சாகக் கிடக்கிறபோதுகூடத் தன் பழங்கதையைப் பஷீரிடம் மூன்று விதமாகச் சொல்வான். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

இந்த நாவலை எழுதியவர் ஆண்ட்ரூ ராபின்சன். காரக்காக நடித்தவரே அவர்தான்!

நடிகரின் பெயரை அட்டையில் போட்டுவிட்டு வேறொருவர் எழுதிக் கொடுத்த புத்தகம் இல்லை இது. தன் பாத்திரத்தின் உள்ளே போய்ப் பார்ப்பதற்காக ராபின்சன் காரக்கின் பெயரில் நாட்குறிப்பு எழுதிவந்தார். ரசிகர் மாநாடுகளுக்குப் போகிறபோது அதிலிருந்து சில பக்கங்களை மேடையில் வாசித்தார். கேட்டவர்கள் விடவில்லை. அந்தப் பக்கங்கள் பெருகித்தான் நாவலானது. யோசித்துப் பாருங்கள், பொதுவாகப் புத்தகம் முதலில் வரும், வாசகர் குரல் பிறகு வரும். இங்கே வாசகர் குரல் முந்திக்கொண்டது. அச்சகத்துக்குப் போகும் முன்பே ஒரு கூட்டம் அந்த வரிகளைக் கேட்டுச் சிரித்திருக்கிறது, மூச்சைப் பிடித்திருக்கிறது, அடுத்தது என்ன என்று கேட்டிருக்கிறது. அந்தச் சூடு பக்கங்களில் அப்படியே இருக்கிறது. வாக்கியம் படிக்கப் படிக்க ராபின்சனின் குரல் காதில் கேட்கும். கடைசிச் சொல்லுக்கு முன் அவர் விடுகிற அந்தச் சின்ன இடைவெளிகூடக் கேட்கும்.

நாவல் முழுக்கப் பஷீருக்கு எழுதும் ஒரே நீண்ட கடிதம். மூன்று காலங்கள் மாறி மாறி வருகின்றன. ஒன்று, சிறுவன் எலிம், அதாவது பிள்ளைப் பிராயத்துக் காரக், பமாரன் என்ற பயிற்சிப் பள்ளிக்குப் போவது. அங்கே பெயரைப் பறித்துக்கொண்டு எண் கொடுத்துவிடுவார்கள். அவன் 'பத்து லூபாக்'. வனாந்தரத்தில் தனியாகத் தவிக்கும்போது ஒரு பல்லி அவனுக்குத் துணையாகிறது. கண் முன்னால் இருந்தபடியே காணாமல் போகத் தெரிந்த பல்லி. அதற்கு மீலா என்று தன் தாயின் பெயரை வைத்து, அசையாமல் இருப்பது எப்படி என்று அதனிடமே பாடம் படிக்கிறான். ஒரு உளவாளி உருவாகிற கதையை எத்தனையோ விதமாகப் படித்திருக்கிறேன். பல்லியிடம் பாடம் கேட்டவனை இங்கேதான் பார்த்தேன். இரண்டாவது இழை, டொமினியன் என்ற அந்நியப் பேரரசோடு நடந்த போரின் கடைசிக் கட்டம். மூன்றாவது இழை போருக்குப் பிந்தைய கார்டாசியா. அதைப் பற்றி நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

தொடரின் இறுதி அத்தியாயத்தில், தோற்கப்போகும் டொமினியன் படை கார்டாசியர்களை ஊர் ஊராகக் கொன்று தீர்க்கிறது. 80 கோடிப் பேருக்கு மேல். திரையில் அது ஒரு எண்ணாக, சில நிமிடங்களாகக் கடந்து போய்விடும். இடிபாடுகளுக்கு நடுவே காரக் பஷீரிடம் விடைபெறுவான், கதை அடுத்தவரிடம் போய்விடும். எனக்கு அன்றிலிருந்தே மனம் ஆறவில்லை. அவன் அதன்பின் எங்கே படுத்தான், என்ன தின்றான், பிணங்களை யார் எடுத்தார்கள்? நாவல் அங்கேதான் போய் உட்காருகிறது. நாசியில் புழுதி ஏறுகிறது. ஒரு காலத்தில் தனக்கு எல்லாமாக இருந்த, தன்னைப் பெற்றவரும் உளவுத் தலைவருமான எனப்ரன் டெய்னின் வீடு தரைமட்டமாகிக் கிடக்க, அதன் பின்புறக் கொட்டகையில் காரக் குடியிருக்கிறான். பகலில் மருத்துவக் குழுவோடு இடிபாடுகளுக்குள் போகிறான். மற்ற நேரத்தில் அந்த வீட்டின் கற்களை எடுத்து அடுக்குகிறான். எதற்கு என்று அவனுக்கே முதலில் தெரியாது. அக்கம்பக்கத்தார் வந்து நின்று பார்க்கத் தொடங்குகிறார்கள். இறந்தவர்களுக்கான இடமாக அது தானாக மாறுகிறது.

அந்த மருத்துவக் குழுவில் பர்மாக் என்றொரு மருத்துவர். தொடரில் அவருக்கு முகமே கிடையாது. 1995இல் வந்த ஒரு அத்தியாயத்தில் பழைய விசாரணை ஒன்றைப் பெருமையாக நினைவுகூர்வார்கள்: காரக் ஒரு வார்த்தை பேசாமல், கையை ஓங்காமல், நான்கு மணி நேரம் வெறுமனே உற்றுப் பார்த்தானாம், பர்மாக் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாராம். அவ்வளவுதான், போகிற போக்கில் சொல்லிப் போகும் உளவாளிகளின் வேடிக்கைக் கதை. ராபின்சன் அந்த ஒற்றை வரியைப் பிடித்து ஒரு மனிதரை எழுப்பி நிறுத்தியிருக்கிறார். அன்று கண்ணால் உடைத்தவனும் அன்று உடைந்தவரும் இன்று ஒரே இடிபாட்டில் தோளோடு தோள் நின்று கல் புரட்டுகிறார்கள். பர்மாக்கால் அந்தக் கண்களை நேராகப் பார்க்க முடியவில்லை. அந்த இருவருக்கும் நடுவே மெல்ல மெல்ல நட்பு முளைக்கிற பக்கங்களைப் படித்தபோது நான் அழுதேன். தொடர்சார் நாவலால் என்ன செய்ய முடியும் என்று இனி யார் கேட்டாலும் பர்மாக்கைத்தான் காட்டுவேன்.

அப்பாவிடம் கொடுத்தேன். அவர் ஆர்.எம்.எஸ்ஸில் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர். ஸ்டார் ட்ரெக் ஒரு அத்தியாயம்கூடப் பார்த்ததில்லை. நாற்பது பக்கம் தாண்டியிருப்பார், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, இது அந்த டாக்டருக்குப் போட்ட கடிதாசிதானே?"

"ஆமாப்பா."

"அடுத்தவங்க கடிதாசியைப் பிரிச்சுப் படிக்கிற மாதிரி இருக்கு. சர்வீஸ்ல ஒரு நாளும் செய்யாத காரியம்."

சொல்லிவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொண்டார், மொட்டைமாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவும் மறந்துபோய். அவருக்குப் பிடித்த பாத்திரம் டோலன், எலிமை மகனாக வளர்த்த தோட்டக்காரர். எடோசியன் ஆர்க்கிட் பூக்களை வளர்க்கக் கற்றுக் கொடுக்கிறவர். டெய்னா டோலனா, எலிமுக்கு யார் உண்மையான தகப்பன் என்று அப்பாவும் நானும் ஒரு வாரம் வாதாடினோம். தொடரை ஏழு பருவமும் பார்த்த எனக்கு இல்லாத தெளிவு அவருக்கு இருந்தது. "பூ வைக்கக் கத்துக் குடுத்தவன்தாம்மா அப்பன்" என்று முடித்துவிட்டார்.

என் தோழிக்கோ இது அப்பட்டமான காதல் கடிதம். இத்தனை பக்கம், இத்தனை அந்தரங்கம், வேறு யாருக்கு எழுதுவார்கள் என்று கேட்கிறாள். உலகெங்கும் இந்த நாவலின் வாசகர்களில் பெரிய கூட்டம் அவள் பக்கம்தான். ராபின்சனே காரக்கின் ஈர்ப்புக்கு ஆண் பெண் எல்லை கிடையாது, அப்படி நினைத்துத்தான் பஷீரோடான முதல் காட்சியையே நடித்தேன் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2024 டிசம்பரில் 'லோவர் டெக்ஸ்' கார்ட்டூன் தொடரில் வேறொரு பிரபஞ்சத்தின் காரக்கும் பஷீரும் மணமான இணையாகவே வந்தார்கள். குரல் கொடுத்தவர்கள் ராபின்சனும் பஷீராக நடித்த அலெக்சாண்டர் சித்திக்கும்! அந்த அத்தியாயம் வந்த அன்று தோழி எனக்கு மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் பேச முடியாமல் சிரித்தாள்.

குறை சொல்கிறவர்களும் உண்டு. மூன்று காலமும் கலந்து தலைசுற்றுகிறது என்கிறார்கள். முதல் ஐம்பது பக்கம் எனக்கும் சுற்றியது. பள்ளிக்கூடப் போட்டிகள் கொஞ்சம் நீளம்தான். எலிம் மனதைக் கொடுத்த பாலண்டீனுக்கு இன்னும் நிறையப் பக்கம் கொடுத்திருக்கலாம், அதில் எனக்கு வருத்தமே உண்டு. ஆனால் ஒரு குற்றச்சாட்டை மட்டும் என்னால் ஏற்க முடியாது. காரக்கின் அழகே அவன் மர்மம், எல்லாவற்றையும் சொல்லி அதைக் கெடுத்துவிட்டார்கள் என்பது. யார் சொன்னது? எழுதுகிறவன் காரக்! மூன்று கதை சொல்லி மூன்றையும் உண்மை மாதிரி நிறுத்தினவன். இந்தக் கடிதத்துக்குச் சாட்சி யாரும் இல்லை. மூடி வைத்திருந்தவரை அவனைப் பற்றி எனக்கு ஒரு கேள்விதான் இருந்தது, இவன் யார் என்று. படித்த பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. இதைப் பஷீரிடம் ஏன் சொல்கிறான், இதை எங்கே மழுப்பினான், இந்த இடத்தில் கை நடுங்கியிருக்குமா?

ஸ்டார் ட்ரெக் உலகில் திரையில் வந்ததுதான் நடந்த கதை, நாவலில் வந்தது கணக்கில் வராது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இருக்கட்டும். காரக்கைப் பொறுத்தவரை வாசகர்கள் அந்த வழக்கத்தை எப்போதோ ஒதுக்கிவிட்டார்கள். அவனாக ஏழு பருவம் வாழ்ந்தவரே எழுதியதற்கு மேல் என்ன முத்திரை வேண்டும்? பின்னால் ஊனா மெக்கார்மக் எழுதிய கார்டாசிய நாவல்களும் இதன் மேல்தான் எழுந்து நிற்கின்றன. 2013இல் வந்த 'தி க்ரிம்சன் ஷேடோ'வில் காரக் தன் நாட்டின் தலைமைப் பொறுப்புக்கே வருகிறான். இந்தக் கொட்டகையில் கல் அடுக்கியவன்தானே என்று படிக்கும்போது நெஞ்சு நிறைந்துபோகும்.

அச்சுப் பிரதி நெடுங்காலம் கிடைக்காமல் போய், பழைய புத்தகத்துக்கே யானை விலை சொன்னார்கள். நான் படித்தது மின்னூல். பிறகு ராபின்சனே முழு நாவலையும் வாசித்த ஒலிநூல் வந்துவிட்டது, எண்பது வயதை ஒட்டிய குரலில். அந்தக் குரலில் வயது ஏறியிருக்கிறது, கரகரப்பு இருக்கிறது, அது காரக்குக்கு அப்படிப் பொருந்துகிறது! ஊர் போய், உறவு போய், மிச்சமிருக்கிற ஒரே நண்பனுக்கு எழுதுகிறவனின் குரல் வேறு எப்படி இருக்கும்? மாநாட்டு மேடையில் சில பக்கங்களாகத் தொடங்கியது இருபது வருஷத்துக்கு மேல் கழித்து அதே வாயால் முழுதாகக் காதுக்கு வருகிறது.

சமையலறையில் போனை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்பா நாற்காலியை நகர்த்தி வாசற்படி பக்கம் போட்டுக்கொள்வார். கடைசி அத்தியாயம் முடிந்த அன்று சற்று நேரம் இருவரும் பேசவில்லை. குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"பதில் போட்டாரா அந்த டாக்டர்?" என்றார்.

"இந்தப் புஸ்தகத்துல இல்லப்பா."

"போடணும்மா" என்றார் அப்பா. "இவ்ளோ எழுதியிருக்கான்."