ராச ரத்தம் யாருக்கு வேணும்?

மந்திரக் கதை, விஞ்ஞானக் கதை, வேற்றுக்கிரகப் படம் என்றால் எனக்குப் பைத்தியம். உண்மை அறியும் குழுவோடு ஊர் ஊராகப் போய், வாக்குமூலங்களை எழுதி வாங்கி, ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது என் செல்போனில் விண்கப்பல் ஓடிக்கொண்டிருக்கும். பழைய புத்தகக் கடையில் இரும்புக்கை மாயாவி கிடைத்துவிட்டால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக் காசு காலி.

"ஏம்மா, எம்.ஏ. தமிழ் படிச்ச புள்ள, இயக்கத்துல இருக்குற. நீயும் இந்த மந்திரக்கோல் சமாச்சாரத்தப் பாத்துக்கிட்டு..." என்று மூத்த தோழர்கள் இழுப்பார்கள். யதார்த்தத்தை விட்டு ஓடுகிறேனாம். யதார்த்தம் என்றைக்கு எங்களை விட்டது, நாங்கள் அதை விட்டு ஓட? பகல் முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டுகிறோம். இந்தக் கதைகளை நான் ஓடி ஒளியும் இடமாகப் பார்க்கவில்லை. மற்ற எந்தப் பிரதியையும் போல இவற்றிடமும் கேட்கச் சில கேள்விகள் உண்டு. இங்கே யார் ராசா ஆகிறார்கள்? யார் சோறு ஆக்குகிறார்கள்? யாருக்குப் பேச்சே இல்லை?

முதலில் ராசா விஷயம். இந்தக் கதைகளில் பெரும்பாலானவை ஒரே சூத்திரத்தில் ஓடுகின்றன. அதன் பெயர் பிறப்பு ரகசியம். டோல்கீனின் மோதிர நாவலில் (1954-55) காடு மேடெல்லாம் அலைகிற ஆரகார்ன் கடைசியில் ராச வம்சம். 'பாகுபலி'யில் (2015) அருவிக்குக் கீழே மலைக்குடிகள் வளர்த்த பிள்ளை மகிழ்மதியின் வாரிசு. அவன் தோளில் இருக்கிற பலம் அவனை வளர்த்தவர்கள் ஊட்டிய சோற்றில் வந்ததில்லையாம், ரத்தத்தில் வந்ததாம்.

ஹாலிவுட்டும் இதில் சளைத்ததில்லை. ஸ்டார் வார்ஸ் வரிசையில் ரே என்றொரு பெண். உடைந்த கப்பல்களில் இரும்பு பொறுக்கிப் போட்டு வயிற்றைக் கழுவுகிறவள். 2017இல் வந்த 'தி லாஸ்ட் ஜெடாய்' படத்தில் அவளிடம் சொல்லப்படுகிறது: உன்னைப் பெத்தவங்க யாருமில்ல, குடிக்கிற காசுக்கு உன்னை வித்தவங்க. அந்தப் படம் முடியும்போது தொழுவம் கூட்டுகிற ஒரு பையனின் கைக்கு விளக்குமாறு தானாக வந்து சேர்கிறது. சக்தி என்பது வம்சச் சொத்து இல்லை என்று ஒரு பெரிய வணிகப் படம் சொன்னதைப் பார்த்து நான் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கைதட்டினேன். ரெண்டே வருஷம்தான் தாங்கியது. 2019இல் வந்த அடுத்த படம் ரேயைப் பழைய பேரரசனின் பேத்தியாக்கிவிட்டது. விளக்குமாற்றுப் பையன் அந்தப் படத்திலேயே இல்லை.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததல்ல, நம் மண்ணில் எப்போதோ நடந்த வேலை. மதுரை வீரன் கதைப்பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். வீரன் காசி ராசாவின் மகனாம். மாலை சுற்றிப் பிறந்த தோஷத்தால் காட்டில் விடப்பட்டு அருந்ததியர் வீட்டில் வளர்ந்தானாம். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் இந்தக் கதையைத்தான் சொன்னது. முத்துப்பட்டன் கதையில் ஒரு பார்ப்பன இளைஞன் அருந்ததியர் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கிறான். அது சகிக்காமல், அந்தப் பெண்களே பிறப்பால் பார்ப்பனர்கள் என்று பின்னால் வந்த பாடங்கள் கதையைத் திருத்தின. நா. வானமாமலை இதை எடுத்துக்காட்டியிருக்கிறார். கும்பிடத் தகுந்தவன், காதலிக்கத் தகுந்தவள் என்று ஒருவர் ஆகிவிட்டால் போதும், அவரை நம் வீட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். மகிழ்மதிக்கும் பேரரசன் பேத்திக்கும் இங்கேயே பழைய பாடம் இருக்கிறது.

அடுத்து, சோறு ஆக்குகிறவர்கள். ஹாரி பாட்டர் கதைகளில் (1997-2007) வீட்டு எல்ஃப் என்றொரு கூட்டம் வருகிறது. பிறப்பால் அடிமைகள். உடுத்துவது பழைய தலையணை உறை. எசமான் உடுப்புக் கொடுத்தால் விடுதலை. அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துக்கே சமைத்துத் துலக்குகிறவர்கள் அவர்கள்தான். நல்ல எல்ஃப் என்றால் கண்ணில் படக்கூடாது. கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார்களின் வரலாறு தெரிந்த நமக்கு இதைப் படிக்கும்போது வயிறு கலங்குகிறது. நாலாவது நாவலில் (2000) ஹெர்மயனி எல்ஃப்களுக்காகச் சங்கம் வைக்கிறாள். கதை அவளைக் கேலிப்பொருளாக்குகிறது, பெரும்பாலான எல்ஃப்கள் விடுதலையை விரும்பவில்லை என்றும் சொல்கிறது. படமாக எடுத்தபோது (2005) சங்கத்தையே தூக்கிவிட்டார்கள். கடைசி நாவலில் பெரும்போர் முடிந்த களைப்பில் ஹாரி நினைப்பது, தன் எல்ஃப் கிரீச்சர் சாண்ட்விச் கொண்டுவருவானா என்று! கலப்பு ரத்தத்தைப் பழிக்கிறவர்களை எதிர்த்து ஏழு புத்தகம் போராடின கதை, சமையலறையைத் தொடாமலே முடிகிறது. நம்ம ஊர் முற்போக்கு வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறோம், இல்லையா?

கட்டப்பாவும் அதே இனம்தான். முன்னோர் கொடுத்த வாக்கால் பரம்பரையாகச் சிம்மாசனத்துக்கு அடிமை. அவன் விசுவாசத்துக்குப் படம் புல்லரிக்கிறது. கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான் என்று 2015 முதல் 2017 வரை நாடே கேட்டது. கட்டப்பா ஏன் அடிமையாக இருக்கிறான் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? அந்தப் படத்தில் எதிரிகளான காலகேயர்கள் கன்னங்கரேல் என்று இருப்பார்கள், அவர்களுக்கென்று புதிதாக ஒரு மொழியே செய்தார்கள். அதன் தமிழ் வசனத்தில் அருந்ததியரைக் குறிக்கும் 'பகடை' என்ற சொல் இழிவாக வர, எதிர்ப்பும் எழுந்தது. இல்லாத நாட்டைக் கற்பனை செய்தாலும் சாதியை மட்டும் ஊரிலிருந்து மறக்காமல் எடுத்துப்போகிறார்கள்.

அப்படியானால் நான் ஏன் இன்னும் இதையெல்லாம் படிக்கிறேன்? ஆக்டேவியா பட்லருக்காக. வீட்டு வேலை செய்யும் தாய் கொல்லைவாசல் வழியாகப் போய்வந்ததைப் பார்த்து வளர்ந்த கறுப்பினப் பெண். பாத்திரம் கழுவினார், உருளைக்கிழங்கு வறுவலைத் தரம் பிரித்தார், விடியலுக்கு முன்னே எழுந்து எழுதினார். 1979இல் வந்த அவருடைய 'கிண்ட்ரெட்' நாவலில், 1976இல் கலிபோர்னியாவில் வாழும் டானா என்ற கறுப்பினப் பெண் நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் பின்னால், மேரிலாந்தின் அடிமைப் பண்ணைக்கு இழுக்கப்படுகிறாள். ஒரு வெள்ளைப் பையன் சாகப்போகும் ஒவ்வொரு தடவையும் அவள் போய்க் காப்பாற்ற வேண்டும். ஏனென்றால் அவன் அவளுடைய மூதாதை. அவன் ஒரு கறுப்பினப் பெண்ணை வன்கொடுமை செய்து பிறக்கும் பிள்ளையிலிருந்துதான் டானாவின் வம்சம் வரவேண்டும். இங்கேயும் பிறப்பு ரகசியம் உண்டு, ஆனால் அது கிரீடம் தரவில்லை. கடைசியாகத் திரும்பும்போது டானாவின் இடது கையே போய்விடுகிறது. பண்ணையாரின் ரத்தம் தன் உடம்பிலும் ஓடுவதைச் சொல்லமுடியாமல் செத்துப்போன பாட்டிமார்கள் நம் சேரிகளிலும் உண்டு. அவர்களை எழுதக் காலப்பயணம் தேவைப்படலாம் என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது பட்லர்.

அங்கேயும் வழி சும்மா திறக்கவில்லை. சாமுவேல் டிலேனி 1968இல் வெளிவந்த தன் 'நோவா' நாவலைத் தொடராக வெளியிட அனுப்பியபோது, கறுப்பின நாயகனோடு வாசகர்கள் ஒட்டமாட்டார்கள் என்று அன்றைய பெரும் பத்திரிகை ஆசிரியர் ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் திருப்பி அனுப்பினார். பல வருஷம் புதிய எழுத்தாளர் விருது ஒன்று அவர் பெயரில்தான் இருந்தது. 2019இல் அந்தப் பெயரை நீக்கினார்கள். அதற்கு முன்பே என்.கே. ஜெமிசின் என்ற கறுப்பினப் பெண் 2016, 2017, 2018 என்று மூன்று வருஷம் தொடர்ந்து சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருதை வாங்கிவிட்டார்.

நம்மிடம் மட்டும் ஏன் வலியை மட்டுமே கேட்கிறார்கள்? 'கருக்கு' (1992) வந்தபோது அதுவே ஒரு உடைப்பு. அந்த உடைப்பையே அளவுகோலாக்கி, தலித் எழுத்தென்றால் தன்வரலாறு, தன்வரலாறென்றால் கண்ணீர் என்று பாடத்திட்டம் போட்டுவிட்டார்கள். கற்பனை அவர்களுக்கு, சாட்சியம் நமக்கு என்பது எழுத்தில் நடக்கும் வேலைப் பிரிவினை. செருப்புத் தைத்த ரவிதாஸ் எப்போதோ பேகம்புரா என்று துயரமில்லாத, வரியில்லாத ஒரு நகரத்தைக் கற்பனை செய்துவிட்டார். 2024இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் சாதி எதிர்ப்பு விஞ்ஞானப் புனைவுத் தொகுப்பொன்றை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. தமிழில் இது ஒரு அலையாக வரவேண்டும்.

அதற்கு விதை நம் கையிலேயே கிடக்கிறது. 1972இல் முத்து காமிக்ஸ் தமிழில் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி ராச வம்சம் கிடையாது. ஆய்வுக்கூடத்து உதவியாள், விபத்தில் கையை இழந்தவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். நம்மை ஊர் பார்த்த விதமே அதுதானே. ஆள் தெரியமாட்டான், வேலை செய்கிற கை மட்டும் தெரியும். அந்தக் கைக்குப் பின்னாலிருக்கிற ஆளைத் தெரியவைக்கும் கதையை நம்மில் ஒருவர் எழுதலாம்.

எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு கோரிக்கை. உங்கள் கதாநாயகி வேற்றுக்கிரகத்தில் இரும்பு பொறுக்கட்டும், கப்பல் ஓட்டட்டும், சூரியனையே அணைக்கட்டும். கடைசி அத்தியாயத்தில் மட்டும் அவளுக்கு ராசா அப்பன் ஒருவனைத் தேடிக் கொடுத்துவிடாதீர்கள்.