திரையிலிருந்து கட்டத்துக்கு

பெங்களூரின் பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுவன் சோட்டா பீமின் வசனங்களைத் தமிழில் கடகடவென்று ஒப்பிப்பான். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறான். தமிழ் எழுத்து தெரியாது. அவன் காதில் இருக்கும் தமிழைக் கண்ணுக்குக் கொண்டுவரப் படக்கதையைவிட நல்ல வழியில்லை என்பது என் துணிபு. அதனால்தான் கார்ட்டூன் தொடர்கள் காமிக்ஸ் ஆகும் மரபைத் தரம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதில் மூன்று வழிகள் உண்டு. திரைக்காட்சிகளையே வெட்டிக் கட்டங்களாக அடுக்கி, வசன பலூன் ஒட்டுவது முதல் வழி. ஜப்பானில் இதை அனிமே காமிக்ஸ் என்பார்கள். செலவு குறைவு, ஆனால் ஓடும்போது அழகாக இருந்த படம் நிறுத்தியதும் சோர்ந்துவிடும்.

அதே பாத்திரங்களைக் கொண்டு புதிதாக வரைந்து சொல்வது இரண்டாம் வழி. ஹைதராபாத்தின் கிரீன் கோல்ட் நிறுவனம் உருவாக்கிய சோட்டா பீம் 2008-இல் போகோ சானலில் தொடங்கியது. பின்னர் அந்நிறுவனமே அதைக் காமிக்ஸாகவும் கொண்டுவந்தது. பீம் லட்டு தின்றதும் பலம் பெறுவதைத் திரையில் இசையே சொல்லிவிடும். தாளில் அந்த வேலையை ஓவியர்தான் செய்ய வேண்டும்: ஒரு கட்டத்தில் வாய்க்குப் போகும் லட்டு, அடுத்ததில் இறுகும் முஷ்டி, அதற்கடுத்து கட்டத்தின் கோட்டையே உடைத்துக்கொண்டு வரும் கை.

தொடர் முடிந்த இடத்திலிருந்து கதையை வளர்ப்பது மூன்றாம் வழி. என் மதிப்பில் இதுவே உயர்ந்தது. ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ தொடர் 2008-இல் நிறைவுற்றது. அதன் தொடர்ச்சியாக ஜீன் லுவன் யாங் எழுதி, குரிஹிரு குழு வரைந்த ‘தி பிராமிஸ்’ 2012-இல் டார்க் ஹார்ஸ் வெளியீடாக வந்தது. போர் ஓய்ந்தபின், இரு நாட்டு மக்களும் தலைமுறைகளாகக் கலந்து வாழும் ஒரு நகரில் அவர்களைப் பிரிப்பது சரியா என்பதே அதன் சிக்கல். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

தமிழில் இவற்றைத் தர விரும்புவோருக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். 1972-இல் சிவகாசியிலிருந்து ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸ் புறப்பட்டது. 1984-இல் லயனும் ராணியும் வந்தன. ஆங்கில வசனத்துக்கு அளவெடுத்த பலூனில் நீளமான தமிழ்ச் சொற்களை அடக்கப் பழகியவர்கள் இவர்கள். வாக்கியம் சுருங்க வேண்டும். பேச்சின் ஓட்டம் கெடக்கூடாது. கோபக்காரன் கோபமாகவும் கோமாளி கோமாளியாகவும் பேச வேண்டும். ஓசைச் சொல்லும் தமிழ்க் காதுக்குப் பழகியதாக இருக்க வேண்டும். ஓவியம் எவ்வளவு சிறந்தாலும் இந்தத் தமிழ் அமையாத காமிக்ஸ் பாதி காமிக்ஸ்தான்.

பழைய லயன் இதழ் ஒன்றை அந்தச் சிறுவனிடம் கொடுத்தேன். மூன்று எழுத்தை எழுத்துக்கூட்டி அவன் முதலில் வாசித்த தமிழ்ச் சொல், ‘டமால்’.

பெற்றோரே, இன்றிரவு அரைமணி நேரம் டிவியை நிறுத்திவிட்டு ஒரு தமிழ்ப் படக்கதையை எடுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, பலூனில் விரல்வைத்து வாசித்துக் காட்டுங்கள்.